சுத்தமான குழாயா, நெரிசலான கலமா?

மூன்று மின்னஞ்சல்கள். மூன்றும் வெவ்வேறு நாடுகளிலிருந்து வந்தவை. மூன்றும் கலாநிதிப் பட்ட ஆய்வுக்கு இடம் தருகிறோம் என்பவை. மூன்றும் ஒரே புரதத்தைப் பற்றியவை. யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் முடித்த என் பெறாமகள் அவற்றை அச்செடுத்துக்கொண்டு கொக்குவிலில் எங்கள் வீட்டு விறாந்தைக்கு வந்தாள். "பெரியம்மா, எதை எடுக்கலாம்?" என்றாள். பேராசிரியரின் பெயர் எவ்வளவு பெரிது என்று அவளுடைய அப்பா பார்க்கிறார். எந்த நாட்டில் குளிர் குறைவு என்று அம்மா பார்க்கிறாள். நான் இப்படியான ஆய்வுக்கு வேண்டிய பெரிய காந்தங்களோடு சில ஆண்டுகள் மாரடித்துவிட்டு ஊர் திரும்பியவள். ஆகவே என்னிடம் வேறு அளவுகோல் ஏதாவது இருக்கும் என்று அவள் நம்பினாள்.

முதலாவது ஆய்வுகூடம் புரதத்தைச் சுத்திகரித்து, கண்ணாடிக் குழாயில் இட்டு, கருக்காந்தப் பரிவு முறையால் ஆராய்கிறது. இரண்டாவது ஆய்வுகூடம் அதே முறையால், அதே புரதத்தை, உயிருள்ள மனிதக் கலத்தை விட்டு வெளியே எடுக்காமலே பார்க்கிறது. மூன்றாவது, கலத்தை நொடிப்பொழுதில் உறையவைத்து இலத்திரன் நுணுக்குக்காட்டியால் படம் எடுக்கிறது. மூன்றுமே நல்ல வேலைகள்தான். ஆனால் அவள் பார்க்க விரும்புவது எதில் தெரியும் என்பதில் மூன்றுக்கும் இடையே மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு இருக்கிறது.

முதலில் புரதத்தைச் சொல்லிவிடுகிறேன். எஸ்.ஓ.டி.1 என்று சுருக்கமாக அழைக்கப்படும் இந்த நொதியம் நம் கலங்கள் எல்லாவற்றிலும் இருக்கிறது. ஒட்சிசனின் தீங்கான வடிவம் ஒன்றைச் செயலிழக்கச் செய்வது அதன் தொழில். 153 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு சங்கிலி. இரண்டு சங்கிலிகள் சேர்ந்து ஒரு சோடி. இயக்க நரம்புக் கலங்கள் ஒவ்வொன்றாக மடிந்து, கை கால் தளர்ந்து, கடைசியில் மூச்சும் தளரும் கொடிய நோய் ஒன்று இருக்கிறது. அது பரம்பரையாக வரும் குடும்பங்கள் சிலவற்றில் இந்தப் புரதத்தின் மரபணு பிறழ்ந்திருப்பதை 1993இல் கண்டுபிடித்தார்கள். அன்றிலிருந்து இந்தப் புரதத்தை உலகம் விடவில்லை.

இது பிறந்தவுடனே வேலைக்குப் போகிற புரதம் அல்ல. முதலில் சங்கிலி மடிய வேண்டும். பிறகு நாக (துத்தநாக) அயன் ஒன்றைப் பிடிக்க வேண்டும், சோடி சேர வேண்டும். சி.சி.எஸ். என்ற துணைப் புரதம் செம்பு அயனைக் கொண்டுவந்து கையில் கொடுக்க வேண்டும். 57ஆம், 146ஆம் இடங்களில் உள்ள சிஸ்ரீன் என்ற அமினோ அமிலங்களுக்கு இடையே கந்தகப் பிணைப்பு ஒன்று விழ வேண்டும். இந்தப் படிகளில் எங்காவது தடுக்கி நின்ற புரதம் தளர்ந்து, தன்னைப் போன்றவற்றோடு ஒட்டித் திரள்கிறது என்பது நோயைப் பற்றிய முக்கியமான கருதுகோள்களில் ஒன்று. முடித்து வந்த புரதத்தின் வடிவம் எப்போதோ தெரிந்துவிட்டது. தெரியவேண்டியது, கலத்துக்குள் அது எந்தப் படியில், எவ்வளவு நேரம், எதற்காகக் காத்து நிற்கிறது என்பது. பெறாமகள் பார்க்க விரும்புவதும் அதைத்தான்.

பெறாமகளின் தம்பி உயர்தர வகுப்பில் படிக்கிறான். அவன் இடையில் புகுந்து, "கருக்காந்தப் பரிவு என்றால் கலத்தின் கருவுக்குள் இருக்கிற புரதத்தை மட்டுமா பார்க்கலாம்?" என்று கேட்டான். நியாயமான சந்தேகம். நம் பாடப்புத்தகத் தமிழில் அணுவின் மையத்துக்கும் கரு, கலத்தின் மையத்துக்கும் கரு. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டில் தமிழிலேயே மருத்துவம் கற்பித்த காலத்திலிருந்து கலைச்சொல் ஆக்கி வருகிற ஊர் இது. இந்த இரண்டு கருக்களையும் பிரித்துவைக்க மட்டும் மறந்துவிட்டோம். இங்கே கரு என்பது அணுக்கரு. வலுவான காந்தத்துக்குள் வைத்து வானொலி அதிர்வெண்ணால் தட்டினால், ஒவ்வொரு அணுக்கருவும் தன் அயலைப் பொறுத்துச் சற்றே வேறுபட்ட அதிர்வெண்ணில் பதில் சொல்லும். வைத்தியசாலையில் எம்.ஆர்.ஐ. எடுக்கும்போது நடப்பதும் இதுதான். அங்கே காந்தப் புலம் பெரும்பாலும் 1.5 அல்லது 3 டெஸ்லா. 800 மெகாஹேர்ட்ஸ் கருவி என்று நாங்கள் சொல்வதில் அது 18.8 டெஸ்லா.

அவ்வளவு பெரிய காந்தம் ஏன் தேவை? அந்தப் புலத்தில் ஐதரசன் கருக்கள் இரண்டு நிலைகளில் பிரிந்து நிற்கின்றன. உடல் வெப்பநிலையில் இலட்சம் கருக்களை எடுத்தால், ஒரு பக்கத்தில் மற்றதைவிட ஏறத்தாழ ஆறு கருக்கள்தான் அதிகம். சைகை முழுவதும் அந்த ஆறின் தயவில் வருகிறது. இந்த முறையின் வறுமையும் பொறுமையும் இந்தக் கணக்கிலிருந்து தொடங்குகின்றன.

குழாய் முறையின் பெருமை இந்த வறுமைக்கு அது கண்ட வழிகளில் இருக்கிறது. பற்றீரியாவைக் கொண்டு புரதத்தை நிறையச் செய்விக்கலாம். இயற்கையில் நைதரசன் 15 என்ற சமதானி, அதாவது நைதரசனின் சற்றுப் பாரம் கூடிய வடிவம், 0.37 வீதம்தான் இருக்கிறது. அந்தச் சமதானி கொண்ட அமோனியம் குளோரைட்டையே பற்றீரியாவுக்கு உணவாகக் கொடுத்தால் புரதம் முழுவதும் அடையாளமிடப்பட்டு வரும். புரோலினைத் தவிர ஒவ்வொரு அமினோ அமிலத்துக்கும், கருக்களின் பதில்களை வரைந்து பெறும் நிறமாலையில் ஒரு புள்ளி. நாகம் வந்து பொருந்தினால் அதன் அயலில் உள்ள புள்ளிகள் இடம் மாறும். பிணைப்பு விழுந்தால் வேறு சில மாறும். புரதம் கெடாத வரைக்கும் நாட்கணக்கில் அளக்கலாம். கூர்த் வூத்ரிச்சுக்கு 2002இல் நோபெல் பரிசு கிடைத்ததும் கரைசலில் புரதங்களின் முப்பரிமாண வடிவை இப்படிக் காணும் வழியை உருவாக்கியதற்கே. மாணவி ஒருத்தி மூன்றரை, நான்கு வருடத்தில் ஆய்வேட்டை முடித்து வெளியே வருவதற்கு இதைவிட நம்பகமான பாதை இல்லை. இதை நான் கேலியாகச் சொல்லவில்லை. புலமைப்பரிசில் முடிந்த பிறகும் ஆய்வு முடியாமல் தவித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

ஆனால் குழாய் சில வேளைகளில் பொய் சொல்லும். குழாயில் நாகத்தை மிகுதியாகச் சேர்த்தால், எஸ்.ஓ.டி.1 தன் நாக இடத்தை நிரப்பியதோடு நில்லாமல் செம்புக்கு ஒதுக்கிய இடத்திலும் நாகத்தை ஏற்றுக்கொள்ளும். மனிதக் கலம் வளரும் ஊடகத்தில் நாகத்தைச் சேர்த்தபோது அப்படி நடக்கவில்லை. ஒரு சங்கிலிக்கு ஒரு நாகம், அதுவும் உரிய இடத்தில் மட்டும். இத்தாலியின் புளோரன்ஸ் நகரில் லூசியா பாஞ்சியின் குழு 2013இல் வெளியிட்ட ஆய்வு இது. மடிதல், நாகம், சோடி, செம்பு, கந்தகப் பிணைப்பு என்று எல்லாப் படிகளையும் உயிருள்ள மனிதக் கலத்துக்குள்ளேயே வைத்துப் பார்த்துவிட்டார்கள். சி.சி.எஸ். செம்பு கொடுப்பதோடு நிற்காமல் செம்பு இல்லாதபோதும் கந்தகப் பிணைப்பில் தலையிடுகிறது என்பதும் அங்கேதான் தெரிந்தது. அடுத்த ஆண்டில் அதே குழு நோயோடு தொடர்புடைய பிறழ்வுகளைப் பார்த்தது. சில பிறழ்வுகள் நாகத்தைப் பிடிக்க மறுத்து, மடிப்பு இல்லாத வேறொரு வடிவத்தில் தேங்கின. கூடவே சி.சி.எஸ். புரதத்தையும் கலத்தில் செய்வித்தபோது அந்தத் தேக்கம் நீங்கியது. இதைக் குழாயில் எப்படிக் கேட்பது? கேட்க வேண்டும் என்றே யாருக்கும் தோன்றியிராது.

ஏன் இந்த வேறுபாடு? நல்லூர்த் தேரன்று வீதியில் நடப்பதை நினைத்துப் பாருங்கள். வெளியூரிலிருந்து வந்த ஒருவர் இடிபட்டு நெரிபட்டு மெல்ல நகர்வார். நெரிசல் அவரைத் தாமதப்படுத்தும், அவ்வளவுதான். நான் நடந்தால் பத்தடிக்கு ஒரு மச்சாள், இருபதடிக்கு ஒரு பழைய மாணவி. ஒவ்வொருவரும் கையைப் பிடித்து நிறுத்தி, கதைத்து, விடுவார்கள். குடற் பற்றீரியா ஒன்றின் உள்ளே மில்லிலீற்றருக்கு 300 மில்லிகிராமுக்கு மேல் பெரிய மூலக்கூறுகள் நெருங்கிக் கிடக்கின்றன. மனிதக் கலம் அதைவிடச் சற்று விசாலமானது. ஆனாலும் புரதத்தின் பாடு என்னுடைய பாடுதான். நெரிசலைவிட, கையைப் பிடிக்கும் சிறு சிறு ஒட்டுறவுகளே அதை அதிகம் மாற்றுகின்றன. நெரிசல் என்பது இடத்தை அடைப்பது மட்டுமாக இருந்தால், புரதம் இறுகி இன்னும் உறுதியாக வேண்டும் என்பது பழைய எதிர்பார்ப்பு. ஸ்டொக்ஹோமில் மிக்கேல் ஒலிவெபெரியின் குழு 2015இல் எஸ்.ஓ.டி.1இன் சிறிதாக்கிய வடிவம் ஒன்றை மனிதக் கலத்துக்குள் அளந்தபோது நேர்மாறாக இருந்தது. கலத்துக்குள் அது உறுதி குறைந்து, எளிதில் மடிப்பு அவிழ்ந்தது.

எல்லாப் புரதமும் இப்படி மாறிவிடும் என்றும் எண்ண வேண்டாம். பார்க்கின்சன் நோயோடு தொடர்புடைய அல்பா சினுக்ளீன், 140 அமினோ அமிலங்கள் கொண்டது, குழாயில் வடிவமில்லாமல் நூல்போலக் கிடக்கும். பேர்லினில் பிலிப் செலெங்கோவின் குழு 2016இல் நரம்புக் கலங்கள் உட்படப் பல வகையான பாலூட்டிக் கலங்களில் அதை ஏற்றிப் பார்த்தது. உள்ளேயும் அது அப்படியே வடிவமில்லாமல்தான் கிடந்தது. கலத்தில் வேறு மாதிரி இருக்கும் என்று பந்தயம் கட்டியவர்கள் பலர் இருந்தார்கள். எனவே கலத்துக்குள் போய்ப் பார்ப்பது குழாயைப் பொய்யாக்குவதற்கு என்று எவராவது சொன்னால் நம்பாதீர்கள். எது மாறுகிறது, எது மாறவில்லை என்று முன்கூட்டியே சொல்ல இன்னும் எவருக்கும் தெரியாது என்பதே உண்மை.

பெறாமகள் அடுத்துக் கேட்டது: "கலம் என்றால் ஏன் மனிதக் கலம்? பற்றீரியா போதாதா?" இந்தத் துறை தொடங்கியதே பற்றீரியாவில்தான். 2001இல் வோல்கர் டொட்சின் குழு குடற் பற்றீரியாவுக்குள் புரதத்தைக் கண்டது. 2009இல் யப்பானிய ஆய்வாளர்கள் பற்றீரியாவுக்குள் வைத்தே ஒரு புரதத்தின் முழு வடிவையும் வரைந்துவிட்டார்கள். மலிவு, வேகம், நிறையப் புரதம். 2006இல் ஆபிரிக்கத் தவளையின் முட்டைக் கலம் வந்தது. ஒரு மில்லிமீற்றருக்குச் சற்று மேல் பருமன், ஊசியாலேயே புரதத்தை ஏற்றிவிடலாம். ஆனால் சி.சி.எஸ். பற்றீரியாவில் இல்லை. மனிதக் கலம் செம்பைக் கையாளும் வழியும் அங்கே இல்லை. நெல்லியடிச் சந்தையின் விலையை அறியச் சுன்னாகம் சந்தைக்குப் போவது போன்றது அது. சந்தை சந்தைதான், விலை வேறு. நாகம், செம்பு, பிணைப்பு என்று பார்க்கிறவளுக்கு மனிதக் கலத்தை விட்டால் வழி இல்லை.

மனிதக் கலத்துக்குள் புரதத்தைக் கொண்டுபோவதற்கு இரண்டு பெரு வழிகள் உண்டு. பேராசிரியர்கள் தங்கள் கடிதத்தில் ஒரு வரியில் எழுதிவிட்டுப் போகிற விடயம் இது. மாணவியின் நான்கு வருடமும் அந்த ஒரு வரிக்குள்தான் கழியும்.

முதல் வழி, கலத்தையே செய்ய விடுவது. எச்.ஈ.கே.293 என்ற கல வகை 1970களில் நெதர்லாந்தில் மனிதச் சிறுநீரகக் கலங்களிலிருந்து உருவாக்கப்பட்டது. உலகின் எந்த ஆய்வுகூடத்திலும் இருக்கும். புரதத்தின் மரபணுவைத் தாங்கிய டி.என்.ஏ. வளையத்தைப் பொலியெதிலீனிமைன் என்ற மலிவான பல்பகுதியத்தோடு கலந்து ஊற்றினால் கலங்கள் அதை விழுங்கிவிடும். பிறகு 37 பாகையில், 5 வீதம் காபனீரொட்சைட்டில், இரண்டு நாள். அடையாளமிட்ட ஊடகத்தில் வளரும் கலங்கள் புரதத்தைச் செய்து குவிக்கும். புரதம் கலத்துக்குள்ளேயே பிறந்து, கலத்தின் நாகத்தையே பிடித்து, கலத்தின் துணைப் புரதத்திடமே செம்பு வாங்கும். எஸ்.ஓ.டி.1இன் படிகளைப் பார்க்க இதைவிடப் பொருத்தமான வழி இல்லை. குறையும் உண்டு. அடையாளம் அந்த ஒரு புரதத்தில் மட்டும் விழாமல் கலத்தின் மற்றப் பொருட்களிலும் விழுந்து பின்னணியில் இரைச்சலாக நிற்கும். பாலூட்டிக் கலத்துக்கு உரிய அடையாளமிட்ட ஊடகம் பற்றீரியாவின் உணவோடு ஒப்பிடவே முடியாத விலை. புரதமும் இயல்பில் இருப்பதைவிட மிக அதிகமாகக் குவிகிறது என்பதால், நோயுற்ற நரம்புக் கலத்தில் நடப்பது இதுதான் என்று நேரே சொல்லிவிட முடியாது. புளோரன்ஸ் குழு இதை மறைக்காமல், சி.சி.எஸ். புரதத்தையும் கூடச் செய்வித்து விகிதத்தைச் சரிக்கட்டியது எனக்குப் பிடித்திருந்தது.

இரண்டாவது வழி, வெளியே செய்து உள்ளே தள்ளுவது. பற்றீரியாவில் அடையாளமிட்டு, சுத்திகரித்து, கலங்களோடு கலந்து, மின் அதிர்ச்சி கொடுத்தால் மென்சவ்வு கணப்பொழுது திறக்கும். புரதம் உள்ளே போகும். பிறகு கலங்களைச் சில மணி நேரம் தட்டில் ஆற விட்டு, செத்தவற்றைக் கழுவி நீக்க வேண்டும். அல்பா சினுக்ளீன் ஆய்வு இப்படித்தான் நடந்தது. பின்னணி சுத்தம், எவ்வளவு உள்ளே போக வேண்டும் என்பதில் நமக்கு ஓரளவு பிடி இருக்கிறது, அளவும் இயல்புக்கு நெருக்கமாகச் சில பத்து மைக்ரோமோலாரில் நிற்கும். ஆனால் மடிந்து, உலோகம் பிடித்து, முடிந்த புரதத்தை உள்ளே தள்ளிவிட்டு, அது எப்படி உருவாகிறது என்று கேட்பது கலியாணம் முடிந்த வீட்டில் பொருத்தம் பார்ப்பது போல. பெறாமகளின் கேள்விக்கு இது உதவாது. புரதம் எப்படி நிலைத்து நிற்கிறது, எதோடு ஒட்டுகிறது என்பது கேள்வியானால் இதுவே சிறந்தது. 2009இல் மனிதக் கலத்தில் முதன்முதலாகச் செய்யப்பட்ட ஆய்வுகளில் புரதத்துக்குச் சவ்வைத் துளைக்கும் வால் ஒன்றைக் கட்டி அனுப்பினார்கள். பற்றீரிய நச்சு ஒன்றால் சவ்வில் துளையிட்டும் பார்த்தார்கள். வேலை செய்யும், ஆனால் இன்று யாராவது அதையே முதல் தெரிவாகச் சொன்னால் ஏன் என்று கேளுங்கள்.

எதை அடையாளமிடுவது என்பதும் ஒரு தெரிவுதான். எல்லா நைதரசனையும் அடையாளமிட்டால் கூட்டம். சிஸ்ரீனில் மட்டும் என்றால் எஸ்.ஓ.டி.1இல் இருப்பது நான்கே சிஸ்ரீன்கள். 57உம் 146உம் எங்கே நிற்கின்றன என்று பார்த்தாலே பிணைப்பு விழுந்ததா இல்லையா தெரிந்துவிடும். புளோரின் 19ஐப் பலர் பரிந்துரைப்பார்கள். இயற்கையிலேயே 100 வீதமும் அந்தச் சமதானிதான், கலத்தில் பின்னணியும் இல்லை, அருமையான யோசனை. புளோரின் ஏற்றிய தைரோசின் என்ற அமினோ அமிலத்தைப் பயன்படுத்துவது வழக்கம். எஸ்.ஓ.டி.1இல் தைரோசின் ஒன்றுகூட இல்லை. திரிப்ரோபான் இருக்கிறது, அதுவும் ஒன்றே ஒன்று, 32ஆம் இடத்தில். ஒரு விளக்கோடு வீடு முழுவதையும் பார்க்க முடியுமானால் பார்க்கலாம். இன்னொரு பக்கம், காபோனிக் அன்ஹைட்ரேசு என்ற நாக நொதியத்தில் நாகத்தைப் பிடித்திருக்கும் ஹிஸ்ரிடின்களின் ஐதரசன்கள் நிறமாலையின் ஓரத்தில், மற்ற இரைச்சல் எட்டாத இடத்தில் பதில் சொல்கின்றன. ஆகவே சமதானியே இல்லாமல், மருந்து கலத்துக்குள் நுழைந்து நொதியத்தில் பொருந்துவதைப் பார்க்க முடிகிறது. 2020இல் புளோரன்ஸ் குழு இப்படியே மருந்துகளை ஒப்பிட்டது. பணம் இல்லாத ஆய்வுகூடங்களுக்கு இது பெரிய செய்தி.

இனி, கடிதங்களில் எழுதாத பகுதி. மூன்று மில்லிமீற்றர் குழாயில் சில கோடி கலங்களைச் சேறுபோல நிரப்பிக் காந்தத்துக்குள் இறக்கினால், அவற்றுக்கு ஒட்சிசனும் இல்லை, உணவும் இல்லை. ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள் அளந்து முடிக்க வேண்டும். 2005இல் கிரெனோபிளில் பால் சாண்டாவும் பேர்னார்ட் புரூச்சரும் உருவாக்கிய வேக அளவீட்டு முறை இல்லாவிட்டால் இந்தத் துறையே தவழ்ந்துகொண்டிருக்கும். இப்போது கலங்களைக் கூழ்மத்தில் பதித்து, புதிய ஊடகத்தை ஓடவிட்டு, காந்தத்துக்குள்ளேயே நீண்ட நேரம் உயிரோடு வைத்திருக்கும் உயிர் உலைகள் வந்துவிட்டன. அதைக் கட்டி இயக்குவதே ஒரு தனிக் கலை. கசிவு, குமிழி, அடைப்பு.

என் இரண்டாம் ஆண்டில் நடந்ததைச் சொல்கிறேன். நான் இருந்த ஆய்வுகூடத்தில், நான்கு மாதம் தோற்ற பிறகு ஒரு மாலையில் நிறமாலை வந்தது. புள்ளிகள் ஊசிமுனை போல. குழாயில் எடுத்தது போலவே அழகு. குழுக் கூட்டத்தில் திரையில் போட்டுக் காட்டினேன்; கை தட்டினார்கள். பின்வரிசையில் இருந்த மூத்த மாணவி ஒருத்தி மட்டும், "மேலே நிற்கும் தெளிநீரை அளந்தாயா?" என்று கேட்டாள். அளக்கவில்லை. ஓடிப்போய்க் கலங்களைச் சுழற்றி அடியில் இறக்கி, தெளிநீரை மட்டும் குழாயில் இட்டு அளந்தேன். அதே புள்ளிகள், அதே அழகு. புரதம் முழுவதும் செத்த கலங்களிலிருந்து வெளியே கசிந்திருந்தது. நான் பார்த்தது கலத்துக்குள் இருந்த புரதத்தை அல்ல, அதன் கழுவல் நீரை. கலத்துக்குள் இருக்கும் புரதம் மெல்லச் சுழல்வதால் அதன் புள்ளிகள் தடித்து மங்கித்தான் தெரியும். சில புரதங்கள் ஒட்டுறவுகளால் முற்றாகவே மறைந்துவிடும். அழகைக் கண்டவுடனேயே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

மூன்றாவது கடிதத்துக்கு நான் அதிக நேரம் ஒதுக்கவில்லை, அந்த முறையில் குறை கண்டு அல்ல. கடுங்குளிர் இலத்திரன் நுணுக்குக்காட்டி 2017இல் நோபெல் பெற்ற துறை. உறைந்த கலத்தை அயன் கற்றையால் 200 நனோமீற்றர் வரை மெல்லிய தகடாகச் சீவி, பல கோணங்களில் படம் எடுத்துச் சேர்த்தால் புரதம் செய்யும் இறைபோசோம்கள் வரிசையாக நிற்பதைப் பார்க்கலாம். கண்ணால் பார்த்த நிறைவு இருக்கும். அந்தப் படங்களைப் பார்த்த பிறகு புள்ளிகளைப் பார்க்க மனம் வராது என்பதும் உண்மை. ஆனால் மூலக்கூற்றின் நிறையை அளக்கும் டால்ரன் கணக்கில் மனித இறைபோசோம் நாற்பது இலட்சத்துக்கு மேல், எஸ்.ஓ.டி.1 சோடி 32 ஆயிரம். யானையை எண்ணக் கட்டிய கோபுரத்திலிருந்து எறும்பு தெரியாது. எறும்பு வாயில் நாகத்தை வைத்திருக்கிறதா என்பது நிச்சயமாகத் தெரியாது. திரள்கள் பெரிதான பிறகு எப்படிக் கிடக்கின்றன என்று கேட்பவர்களுக்கு அந்தக் கோபுரம் வேண்டும்.

ஒளிரும் புரதத்தைக் கட்டிப் பார்க்கும் வழி மூன்று கடிதத்திலும் இல்லை. இருந்தாலும் நேர்முகத்தில் கேட்பார்கள் என்று சொல்லிவைத்தேன். ஒற்றைக் கலத்தில், புரதம் எந்த மூலையில் இருக்கிறது என்று அது காட்டும். எங்கள் காந்தமோ கோடிக்கணக்கான கலங்களின் சராசரியைத்தான் தரும், இடம் சொல்லாது. ஆனால் 153 அமினோ அமிலக்காரனின் தலையில் 238 அமினோ அமிலத்தில் ஒரு தலைப்பாகையைக் கட்டிவிட்டு, அவன் இயல்பாக நடக்கிறானா என்று கேட்க வேண்டியிருக்கும்.

ஊர்க் கணக்கும் ஒன்று இருக்கிறது. அவள் திரும்பி வருவேன் என்கிறாள். நானும் அப்படித்தான் வந்தேன். 800 மெகாஹேர்ட்ஸ் காந்தம் யாழ்ப்பாணத்தில் இல்லை, என் காலத்தில் வரும் என்ற நம்பிக்கையும் எனக்கு இல்லை. திரவ ஈலியத்தில், 4.2 கெல்வினில் மூழ்கிக் கிடக்கும் சுருள் அது. ஈலியம் வரத்து நின்றால் காந்தமும் நின்றது. ஒரு வேடிக்கை என்னவென்றால், ஏற்றிய மின்னோட்டம் மீக்கடத்தியில் தானாகவே சுற்றிக்கொண்டிருப்பதால் மின்வெட்டு அந்தக் காந்தப் புலத்தை அசைக்காது. 2022 மார்ச் இறுதியில் 13 மணி நேரம் மின்சாரம் நின்ற நாட்களில் அழிந்திருக்கக்கூடியவை 37 பாகை அடைகாப்புப் பெட்டியில் இருக்கும் கலங்களும் ஆழ்குளிரூட்டியில் இருக்கும் இருப்பும்தான். அப்படியானால் திரும்பி வரும்போது அவள் கையில் என்ன இருக்கும்? முதலாவது ஆய்வுகூடத்தில் காந்தத்தை ஆளும் திறமை. அது காந்தம் இருக்கும் இடத்தில்தான் செல்லும். இரண்டாவதில் அதோடு கல வளர்ப்பு, மரபணு ஏற்றல், கலம் உயிரோடு இருக்கிறதா என்று சோதித்தல். இவை ஒரு சிறிய அறையிலும் மின்பிறப்பாக்கியோடும் செய்யக்கூடியவை, மருத்துவ பீடத்துக்கும் தேவைப்படுபவை. அளவீட்டுக்கு வெளியே ஒருமுறை போய்வரலாம். நிறமாலையைப் படித்துத் தீர்ப்பதை வீட்டுக் கணினியிலும் செய்யலாம். அதற்கான மென்பொருட்கள் கல்வியாளர்களுக்கு இலவசம், பிறர் அளந்த பெறுபேறுகளும் பொதுத் தரவு வங்கியில் திறந்து கிடக்கின்றன.

ஆக, என் தெரிவு இரண்டாவது. முதல் வருடத்தைக் குழாயிலேயே செலவிட அனுமதி கேள் என்றும் சொன்னேன். ஒவ்வொரு படியிலும் நிற்கும் புரதத்தின் புள்ளிகள் எங்கே விழும் என்று குழாயில் கையால் அளந்து பழகாதவளுக்குக் கலத்திலிருந்து வரும் மங்கல் நிறமாலையில் எதுவும் புரியாது. முடிக்கும் வேகம்தான் முக்கியம், வீட்டில் பணத் தேவை இருக்கிறது என்றால் முதலாவதை எடுத்தாலும் நான் குறை சொல்ல மாட்டேன். அவளுடைய அப்பா, "இரண்டாவது பேராசிரியரின் பெயரை யாரும் கேள்விப்பட்டதில்லையே" என்று இழுத்தார். நான் அதற்குப் பதில் சொல்லவில்லை. அந்த ஆய்வுகூடத்துக்கு இரண்டு கேள்விகளை எழுதி அனுப்பச் சொன்னேன். புரதத்தைக் கலத்திலேயே செய்விக்கிறீர்களா, வெளியிலிருந்து தள்ளுகிறீர்களா? ஒவ்வொரு அளவீட்டுக்குப் பிறகும் தெளிநீரை அளக்கிறீர்களா?

மூன்றாம் நாள் பதில் வந்தது. முதல் கேள்விக்கு ஒரு வரி: கலத்திலேயே செய்விக்கிறோம். இரண்டாவதற்கு வார்த்தை எதுவும் இல்லை. இணைப்பாக ஒரு படம் மட்டும். பெறாமகள் கைப்பேசியில் அதைத் திறந்து, பெரிதாக்கி, மறுபடி பெரிதாக்கிப் பார்த்தாள்.

"ஒன்றுமே இல்லையே, பெரியம்மா. வெறும் இரைச்சல்தான் இருக்கிறது. தவறான கோப்பை அனுப்பிவிட்டார்களோ?"

கைப்பேசியை வாங்கிப் பார்த்தேன். மூலையில் திகதியும் 'தெளிநீர்' என்ற குறிப்பும் இருந்தன. ஒரு புள்ளிகூட இல்லை. "தவறு இல்லை. இன்றைக்கே சம்மதம் எழுதிவிடு" என்றேன்.